ஏன், எவ்வாறு, யாருக்காக?
ஒலிவழி வழிகாட்டல் அமர்வுகளும் முராகபா மரபும்

தியானம் என்ற சொல் இன்று இரு வேறு செயல்களைக் குறித்து நிற்கின்றது. ஒன்று, ஒரு மரபிடம் தன்னை ஒப்படைத்துக் கொண்ட மனிதன் ஓர் ஆசானின் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கில் மேற்கொள்ளும் பயிற்சி. மற்றையது, ஹெட்போனைக் காதிற் பொருத்திக் கொண்டு, பதிவு செய்யப்பட்ட ஒரு குரலின் அறிவுறுத்தல்களைப் பத்து அல்லது இருபது நிமிடங்கள் பின்பற்றும் அமர்வு. இந்த இரண்டாவது வகையில் ஒவ்வோர் அமர்வும் ஒரு குறிக்கோளின் பெயரைத் தாங்கி வருகின்றது: உறக்கம், பரீட்சைக்கான மன ஒருமை, தன்னம்பிக்கை, கோபத் தணிப்பு, பொருள் வளம். கேட்பவர் தமக்கு வேண்டியதை முதலில் தெரிவு செய்கிறார். பின்னர் அந்தக் குரல் அவரை அதனை நோக்கி அழைத்துச் செல்கின்றது.

அண்மைக் காலமாக இவ்வடிவம் முஸ்லிம்களிடையேயும் இடம்பிடித்து வருகின்றது. மூச்சுப் பயிற்சியுடன் அஸ்மாஉல் ஹுஸ்னாவை இணைத்தும், குர்ஆன் ஓதலுக்கிடையே உடற்தளர்வுக்கான அறிவுறுத்தல்களை வழங்கியும் அமர்வுகள் தயாரிக்கப்படுகின்றன. இவை நமது முராகபாவின் நவீன வடிவமே என வரவேற்போர் உள்ளனர். அந்நிய வழிபாட்டு முறையொன்று நமது வீட்டுக்குள் நுழைந்துவிட்டதென அஞ்சுவோரும் உள்ளனர். முதல் சாரார் வெளித்தோற்றத்தின் ஒற்றுமையை வைத்துத் தீர்ப்புச் சொல்கின்றனர். இரண்டாம் சாரார் அதன் பிறப்பிடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கின்றனர். இவ்விரண்டு அளவுகோல்களும் போதுமானவையல்ல. அமைதியாக அமர்தல், மூச்சைக் கவனித்தல், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மொழிதல் ஆகியன பல சமூகங்களுக்குப் பொதுவானவை. ஒரு பயிற்சியின் உட்பொருளை அறிய வேண்டுமாயின், அது தன்னை மேற்கொள்ளும் மனிதனிடம் என்ன கேட்கின்றது என்பதை ஆராய வேண்டும்.

குறிக்கோளுடைய ஒலியின் வரலாறு

இவ்வகை ஒலிப்பதிவுகளின் வேரைக் கீழைத்தேயத் துறவு மடங்களில் மட்டும் தேடுவது பிழையாகும். அவற்றின் பெரும் பகுதி மேற்குலகின் சுயமேம்பாட்டு இயக்கத்திலிருந்து வந்தது. பிரான்சைச் சேர்ந்த மருந்தாளர் எமில் கூவே (1857-1926) சுய கருத்தேற்றம் என்ற முறையைப் பரப்பினார். தான் நாள்தோறும் எல்லா வகையிலும் மேம்பட்டு வருவதாகச் சொல்லும் ஒரு வாசகத்தைக் காலையிலும் இரவிலும் இருபது தடவை மொழியுமாறு அவர் பணித்தார். எண்ணிக்கை தவறாதிருக்க இருபது முடிச்சுகள் கொண்ட ஒரு கயிற்றை வைத்துக் கொள்ளுமாறும் கூறினார். தஸ்பீஹ் மணியின் வடிவம் இங்கு அப்படியே இருக்கின்றது. ஆனால் மொழியப்படும் சொல் இறைவனைப் பற்றியதன்று, மொழிபவனைப் பற்றியது.

1956இல் ஐக்கிய அமெரிக்காவின் வானொலிப் பேச்சாளர் ஏர்ள் நைட்டிங்கேல், தமது காப்புறுதி விற்பனை முகவர்களை ஊக்குவிப்பதற்காக ஓர் உரையை ஒலிப்பதிவு செய்தார். கேட்பவர் தமக்கு எல்லாவற்றையும் விட எது வேண்டுமோ அதனை ஓர் அட்டையில் எழுதி, முப்பது நாட்கள் அதனை எண்ணத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவ்வுரையின் பரிந்துரை. அந்த இசைத்தட்டு பத்து இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாயிற்று. ஒலிப்பதிவு ஒன்று தனி மனிதனின் இலட்சியத்துக்கு உதவும் கருவியாக முடியும் என்பதை வணிக உலகம் அப்போது கற்றுக்கொண்டது.

அடுத்த கட்டத்தை ரொபர்ட் மன்ரோவிடம் (1915-1995) காண்கிறோம். வானொலித் துறையில் பணியாற்றிய இவர், உடலுக்கு வெளியே சஞ்சரித்ததாகத் தாம் கருதிய அனுபவங்களை 1971இல் நூலாக வெளியிட்டார். இரண்டு காதுகளிலும் சற்றே வேறுபட்ட அதிர்வெண் கொண்ட ஒலிகளை ஒலிக்கச் செய்தால், மூளை அவற்றின் வித்தியாசத்தை மூன்றாவதோர் அதிர்வாக உணர்கின்றது. பிரஷ்ய இயற்பியலாளர் ஹைன்ரிஹ் டோவ 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த உண்மை இது. மன்ரோ இதனை வழிகாட்டும் குரலுடன் இணைத்து, 'கேட்வே' என்ற ஒலிநாடாத் தொடரை உருவாக்கினார். அமெரிக்க இராணுவ அதிகாரி வெய்ன் மெக்டொனல் 1983இல் இதனைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுதினார். அந்த அறிக்கை பின்னர் சி.ஐ.ஏ. ஆவணங்களுடன் பொதுமக்கள் பார்வைக்கு விடப்பட்டது. இத்தொடரில் பயிற்சியாளர் எண்ணிடப்பட்ட நிலைகளினூடாக முன்னேறுகிறார். பத்தாம் எண் நிலையில் உடல் உறங்க, மனம் விழித்திருக்கும். பன்னிரண்டாம் நிலையில் உணர்வு விரிவடையும். விரும்பிய பலனை ஏற்கெனவே கிடைத்துவிட்டதாக மனத்தில் வடித்துக்கொள்ளும் பயிற்சியும் இதில் உண்டு.

இதற்குச் சமாந்தரமாக மருத்துவத் துறையில் வேறொரு போக்கு வளர்ந்தது. ஸென் பௌத்தப் பயிற்சி பெற்ற ஜோன் கபட்-சின் 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், நாட்பட்ட வலியால் துன்புற்றோருக்கான பயிற்சியொன்றை ஆரம்பித்தார். நோயாளிகள் வீட்டிற் பயிற்சி செய்வதற்கு ஒலிநாடாக்கள் வழங்கப்பட்டன. சுயமேம்பாட்டு ஒலிப்பதிவும் மருத்துவ ஒலிநாடாவும் பிற்காலத்தில் கைத்தொலைபேசியில் ஒன்று கலந்தன. 2010இல் இலண்டனில் 'ஹெட்ஸ்பேஸ்' நிறுவனமும் 2012இல் 'காம்' நிறுவனமும் தோன்றின. ஹெட்ஸ்பேஸின் நிறுவுநர்களுள் ஒருவரான அண்டி புடிகொம்ப் திபெத்திய பௌத்த மரபில் துறவியாக இருந்தவர். எனவே இவற்றுக்கும் பழைய மரபுகளுக்கும் தொடர்பே இல்லை எனக் கூறிவிட முடியாது. எனினும் அம்மரபிலிருந்து எது எடுத்துக் கொள்ளப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பதே நமது வினா.

முராகபா: சொல்லும் பொருளும்

முராகபா என்பது 'கண்காணித்தல்' எனப் பொருள்படும் அறபுச் சொல். 'அர்ரகீப்' என்ற இறைநாமமும் அதே வேரிலிருந்து பிறந்தது. அல்லாஹ் மனிதர்கள் மீது கண்காணிப்பாளனாக இருக்கிறான் என ஸூரா அந்நிஸாவின் முதல் வசனம் நினைவூட்டுகின்றது. ஆகவே முராகபாவில் மனிதன் தன்னைக் கவனிப்பதற்கு முன்னர், தான் கவனிக்கப்படுகிறான் என்ற உணர்வு இருக்கின்றது. இமாம் குஷைரி (ரஹ்) (மறைவு ஹி. 465/கி.பி. 1072) தமது 'ரிஸாலா'வில் முராகபா பற்றிய பகுதியை, இஹ்ஸானை விளக்கும் ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஹதீஸுடன் தொடங்குவது இதனாலேயே ஆகும். ஸூபிகளின் சில வழக்கங்களைக் கடுமையாக விமர்சித்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களும் 'மதாரிஜுஸ் ஸாலிகீன்' நூலில் முராகபாவைத் தனியொரு படித்தரமாக விளக்கியுள்ளார். இவ்விடயம் ஒரு தரீக்காவுக்கோ ஒரு சிந்தனைப் பிரிவுக்கோ மட்டும் உரியதன்று என்பது இதிலிருந்து தெளிவாகும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (ஹி. 450-505/கி.பி. 1058-1111) 'இஹ்யா உலூமித்தீன்' பெருநூலின் 38ஆம் பாகத்தை இதற்கென ஒதுக்கியுள்ளார். அங்கு அவர் கையாளும் உவமை வணிகத்திலிருந்து எடுக்கப்பட்டது. வியாபாரி தன் பங்காளியிடம் மூலதனத்தை ஒப்படைக்கும்போது நிபந்தனை விதிக்கிறான்; தொழில் நடக்கும்போது கண்காணிக்கிறான்; முடிவில் கணக்குக் கேட்கிறான். மனிதன் தன் நஃப்ஸுடன் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும். காலையில் நிபந்தனை (முஷாரதா), செயலின்போது கண்காணிப்பு (முராகபா), பின்னர் கணக்கெடுப்பு (முஹாஸபா), தவறுக்குத் தண்டனை (முஆகபா), மேலதிக முயற்சி (முஜாஹதா), இறுதியாகக் கடிந்துரைத்தல் (முஆதபா) என ஆறு படிகளை அவர் வகுக்கிறார். மூலதனம் என்பது ஆயுள். இலாபம் என்பது மறுமை.

இவ்வுவமையை நினைவில் நிறுத்தினால், பரவலாகக் கூறப்படும் ஒரு வேறுபாடு அர்த்தமிழந்து போகின்றது. மரபார்ந்த தியானம் குறிக்கோளற்றது, ஒலிவழி அமர்வு குறிக்கோளுடையது எனச் சிலர் எழுதுகின்றனர். முராகபாவைப் பொறுத்தவரை இது உண்மையன்று. இலாப நட்டக் கணக்குப் பார்க்கும் ஒரு பயிற்சியைக் குறிக்கோளற்றது எனக் கூற இயலாது. அதே பாகத்தில் கஸ்ஸாலி எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி இதனை மேலும் விளக்குகின்றது. அபுல் ஹுஸைன் நூரி (ரஹ்) அவர்கள் அசைவின்றி அமர்ந்திருப்பதைக் கண்ட ஷிப்லி (ரஹ்) அவர்கள், இந்த அமைதியை எங்கே கற்றீர்கள் என வினவினார்கள். தம்மிடமிருந்த ஒரு பூனையிடம் கற்றதாக நூரி பதிலளித்தார்கள். வேட்டைக்காக எலி வளையின் முன் காத்திருக்கும்போது அதன் ஒரு மயிரும் அசைவதில்லை. பூனைக்கும் குறிக்கோள் உண்டு. ஆனால் அது தன் அமைதியைக் கவனித்துக் கொண்டிருக்கவில்லை. தனக்கு வெளியேயுள்ள ஒன்றின் மீது முழுக் கவனமும் குவிந்தமையால் அமைதி தானாக வந்து சேர்ந்தது. ஒலிவழி அமர்வில் அமைதியே தெரிவு செய்யப்படும் பொருள். கேட்பவர் தாம் அமைதியடைந்துவிட்டோமா என்று தம்மையே பார்த்துக் கொண்டிருக்கிறார்.

மனிதனின் ஒவ்வொரு செயலுக்கும் மூன்று ஏடுகள் விரிக்கப்படும் என்ற அறிவிப்பொன்றையும் கஸ்ஸாலி இங்கு பயன்படுத்துகிறார். ஏன் செய்தாய், எவ்வாறு செய்தாய், யாருக்காகச் செய்தாய் என்பன அம்மூன்று ஏடுகளின் வினாக்கள். முதலாவது செயலின் தூண்டுதலைப் பற்றியது; இரண்டாவது முறையைப் பற்றியது; மூன்றாவது இக்லாஸைப் பற்றியது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு ஒலிவழி அமர்வை மதிப்பிடலாம். இரண்டாவது வினாவுக்கு அவ்வமர்விடம் தெளிவான விடை இருப்பதால் அதிலிருந்து தொடங்குவது நியாயமானது.

எவ்வாறு?

முறையைக் கற்பிப்பதில் ஒலிப்பதிவின் திறனைக் குறைத்து மதிப்பிடலாகாது. எங்கே அமர்வது, மூச்சை எவ்வாறு கவனிப்பது, எண்ணம் சிதறினால் என்ன செய்வது என அது படிப்படியாகச் சொல்லித் தருகின்றது. மஜ்லிஸ்களுக்குச் செல்லும் வாய்ப்பில்லாத பெண்களுக்கும், படுக்கையிலுள்ள நோயாளிகளுக்கும், இரவு வேலை செய்வோருக்கும் அது எந்நேரமும் கிட்டுகின்றது. தன் சீடனைச் சுரண்டும் போலி ஷைகுமாரின் ஆபத்தும் அதில் இல்லை. தியானப் பயிற்சிகளின் பயனையும் ஆய்வுகள் ஓரளவுக்கு உறுதிப்படுத்துகின்றன. 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 3,515 பேர் பங்குபற்றிய 47 பரிசோதனைகளைப் பரிசீலித்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான நன்மை இருப்பதற்கு நடுத்தர அளவிலான சான்று உண்டு எனவும், மருந்து, உடற்பயிற்சி போன்ற சிகிச்சைகளை விடத் தியானம் சிறந்தது என்பதற்குச் சான்றில்லை எனவும் அது முடிவு செய்தது. விளம்பரங்கள் கூறுமளவுக்கு இது பெரிதன்று. ஆயினும் துன்பப்படும் மனிதனுக்கு மிதமான நிவாரணமும் நிவாரணமே.

எனினும் 'எவ்வாறு' என்ற வினாவிலேயே இரண்டு குறைபாடுகள் உள்ளன. முதலாவது, கேட்டலின் ஒழுங்கு பற்றியது. நமது மரபில் செவிவழி ஆன்மிக அனுபவம் புதியதன்று. ஸமாஃ பற்றிய நீண்ட விவாதம் நம்மிடம் உண்டு. இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) போன்றோர் அதனைக் கண்டித்தனர். இஹ்யாவின் 18ஆம் பாகத்தில் கஸ்ஸாலி அதனை நிபந்தனைகளுடன் அனுமதித்தார். ஸமாஃவுக்கு உரிய காலம், உரிய இடம், உரிய தோழர்கள் ஆகிய மூன்றும் வேண்டும் என்ற ஜுனைத் (ரஹ்) அவர்களின் கருத்தை அவர் முன்வைக்கிறார். இம்மூன்று நிபந்தனைகளும் கேட்பவனை ஒரு சமூகத்துக்குள் நிறுத்துகின்றன. அவனது பரவசம் உண்மையானதா, பாசாங்கா என்பதைக் காண அங்கே கண்கள் உண்டு. ஒலிவழி அமர்வின் சிறப்பாக விளம்பரப்படுத்தப்படுவதோ, எந்நேரத்திலும் எவ்விடத்திலும் தனியாகவும் அதனைக் கேட்கலாம் என்பதே. பண்டைய அறிஞர்கள் பாதுகாப்பாகக் கருதிய மூன்றும் இங்கு தடைகளாகக் கருதி நீக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது குறைபாடு சிகிச்சை பற்றியது. ஷைகை மருத்துவருக்கு ஒப்பிடும் கஸ்ஸாலி, எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மருந்தை வழங்கும் மருத்துவர் அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றுவிடுவார் என எச்சரிக்கிறார். பெருமையால் பீடிக்கப்பட்டவனுக்குப் பணிவான சேவை மருந்தாகலாம். அளவுக்கு மீறிய அச்சத்தால் வாடுபவனுக்கு நம்பிக்கை மருந்தாகலாம். கேட்பவரின் விருப்பத்துக்கேற்ப அமர்வுகளை மாற்றியமைக்கும் தொழில்நுட்பம் இன்று உள்ளது என்று இதற்குப் பதில் கூறப்படலாம். ஆனால் அத்தொழில்நுட்பம் நோயாளியின் விருப்பத்தையே நோயறிதலாக ஏற்றுக் கொள்கின்றது. தன்னம்பிக்கை வேண்டுமெனக் கேட்கும் தற்பெருமைக்காரனுக்கு அது மேலும் தன்னம்பிக்கையையே வழங்கும்.

மரபில் குருவின் குரலுக்கு ஓர் எல்லையும் உண்டு. தல்கீன் வழங்கும் ஷைகு திக்ரைச் சீடனின் செவியில் ஒலிக்கச் செய்கிறார். அதன்பின் அவர் மௌனமாகிறார், சீடனின் நாவு பேசத் தொடங்குகின்றது. திக்ர் என்பது மனிதன் தன் நாவாலும் உள்ளத்தாலும் செய்யும் செயல். வழிகாட்டல் அமர்விலோ குரல் தொடர்ந்து பேச, மனிதன் கேட்பவனாகவே இருக்கிறான். குரலின்றி அமர்வதற்கான வசதியைச் சில செயலிகள் வழங்குவது உண்மையே. ஆயினும் மாதச் சந்தாவில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு, தன் துணை இனித் தேவையில்லை என்ற நிலையைக் கேட்பவர் அடைவது நட்டமாகும். ஓர் ஆசானுக்கு அதுவே வெற்றி.

ஏன்?

குறிக்கோளுடைய அமர்வின் மொழியமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் இலக்கண வழக்கம் புலப்படும். விரும்பப்படும் பொருள் எதிர்காலத்தில் வைத்துப் பேசப்படுவதில்லை. நிகழ்காலத்திலோ, கிடைத்துவிட்ட ஒன்றாகவோ பேசப்படுகின்றது. கூவேயின் வாசகம் முதல் மன்ரோவின் பயிற்சி வரை இவ்வழக்கம் தொடர்கின்றது. கேட்பவன் இங்கே கேட்பதில்லை. தனக்குத் தானே வழங்கிக் கொள்கிறான்.

துஆவின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. துஆ கேட்பவன் தன்னிடம் இல்லை என்பதை முதலில் ஒப்புக் கொள்கிறான். கொடுப்பவன் வேறொருவன் என்பதையும், அவன் கொடுக்கலாம், தாமதிக்கலாம், வேறொன்றைத் தரலாம் என்பதையும் ஏற்றுக் கொள்கிறான். இஸ்திகாரா இதன் உச்ச நிலை. அதில் மனிதன் தன் குறிக்கோளையே இறைவனின் முன் வைத்து, இது எனக்கு நன்மையாயின் தா, தீமையாயின் இதனை என்னிடமிருந்தும் என்னை இதனிடமிருந்தும் விலக்கிவிடு எனும் கருத்தில் வேண்டுகிறான். அமர்வு குறிக்கோளை உறுதிப்படுத்துகின்றது. இஸ்திகாரா குறிக்கோளைக் கேள்விக்கு உட்படுத்துகின்றது. உலகத் தேவைகளை இறைவனிடம் கேட்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. கவலைக்கும் கடனுக்கும் நபி (ஸல்) அவர்கள் துஆக்களைக் கற்பித்துள்ளார்கள். எனவே தேவைகளுடன் வருவதை எவரும் குறைகூற முடியாது. அத்தேவைகளை எங்கே கொண்டு செல்கிறோம், அவை அங்கு பரிசீலிக்கப்படுகின்றனவா என்பதே பிரச்சினை.

இவ்விடத்தில் நாம் நம்மையும் பார்த்துக் கொள்ள வேண்டும். கடன் தீர இத்தனை தடவை, பரீட்சையில் சித்தியடைய இத்தனை தடவை, வியாபாரம் பெருக இத்தனை தடவை என எண்ணிக்கையிட்ட அவ்ராதுத் துண்டுப் பிரசுரங்கள் தமிழ் பேசும் முஸ்லிம்களின் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. அவற்றுள் பல, இறைநாமத்தைக் கருவியாகவும் விருப்பத்தை எஜமானனாகவும் ஆக்கிவிட்டன. குறிக்கோள்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்யும் பழக்கத்தை மேற்கத்தியச் செயலிகள்தாம் நமக்குக் கற்றுத் தந்தன என்று சொல்ல முடியாது. அந்தப் பிரசுரத்தை நம்பியிருந்த உள்ளம் இந்த ஒலிப்பதிவை எளிதில் இனங்கண்டு கொள்கின்றது. அதனால்தான் இஸ்லாமியத் திக்ருகளைச் சேர்த்துவிட்டால் அமர்வு இஸ்லாமியமாகிவிடும் என்ற எண்ணம் இவ்வளவு இயல்பாகத் தோன்றுகின்றது.

அமைதி என்ற குறிக்கோளும் பரிசீலனைக்கு உரியதே. அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதியுறுகின்றன என்ற கருத்துடைய அர்ரஅத் 28ஆம் வசனம், இவ்வகை அமர்வுகளை ஆதரிப்போர் முதலில் காட்டும் ஆதாரம். அதே திருமறை, அல்லாஹ் நினைவுகூரப்பட்டால் உள்ளங்கள் நடுங்குவோரே முஃமின்கள் என அல்அன்ஃபால் 2ஆம் வசனத்தில் கூறுகின்றது. அஸ்ஸுமர் 23ஆம் வசனம் இரண்டையும் ஒரு வரிசையில் வைக்கின்றது: முதலில் தோல்கள் சிலிர்க்கின்றன, பின்னர் தோல்களும் உள்ளங்களும் இறைநினைவின்பால் இளகுகின்றன. நடுக்கத்தின் வழியே வரும் அமைதி இது. நடுக்கத்தை நீக்கிவிட்டு அமைதியை மட்டும் பிரித்தெடுக்கும் அமர்வு, வசனத்தின் பாதியையே நமக்குத் தருகின்றது. உள்ளம் வராத நிலையிலும் திக்ரை விட்டுவிடாதே என அலெக்ஸாந்திரியாவின் இப்னு அதாஉல்லாஹ் (ரஹ்) (மறைவு ஹி. 709/கி.பி. 1309) 'ஹிகம்' நூலில் அறிவுறுத்துவதும் இதனுடன் சேர்த்து நோக்கத் தக்கது. பலன் உணரப்படாத நாளிலும் திக்ர் கடமையுணர்வுடன் தொடர்கின்றது. பலன் உணரப்படாத அமர்வோ, கேட்பவரால் மாற்றப்படுகின்றது.

யாருக்காக?

மூன்றாவது ஏடே மிகக் கனமானது. ஒலிவழி அமர்வில் பயன்பெறுபவர் கேட்பவர் ஒருவரே. இது தன்னளவில் குற்றமன்று. உறங்குவதற்கு ஒருவர் மருந்து உட்கொண்டால் அதன் பயனும் அவருக்குரியதே. ஆனால் உள்ளத்தின் கலக்கம் எப்போதும் நோயாக இருப்பதில்லை. சில வேளைகளில் அது பிறர் உரிமையை மீறியமைக்கான அறிவிப்பாகவும் இருக்கலாம். அத்தகைய கலக்கத்தை அமர்வு என்ன செய்கின்றது?

2022இல் அன்ட்ரூ ஹஃபென்பிராக் அவர்களும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இவ்வினாவுக்கு நேரடியாகத் தொடர்புடையது. எட்டுப் பரிசோதனைகளைக் கொண்ட அவ்வாய்வில், பிறருக்குத் தாம் இழைத்த தவறு குறித்துக் குற்றவுணர்வு கொண்டோர் ஒலிப்பதிவின் வழிகாட்டலில் மூச்சைக் கவனிக்கும் தியானத்தில் ஈடுபட்டனர். அவர்களது குற்றவுணர்வு தணிந்தது. அத்துடன், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் செய்யும் விருப்பமும் குறைந்தது. பிறர் நலனை நினைத்து வாழ்த்தும் தியான முறை அவ்வாறான விளைவைத் தரவில்லை. ஆகவே அமைதியாக அமர்வதே தீங்கு எனக் கூற முடியாது. கவனம் எங்கே திருப்பப்படுகின்றது என்பதே விளைவை மாற்றுகின்றது.

நமது ஃபிக்ஹும் தஸவ்வுஃபும் சந்திக்கும் இடம் இதுவே. இமாம் நவவி (ரஹ்) (மறைவு ஹி. 676/கி.பி. 1277) 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தவ்பாவின் நிபந்தனைகளைத் தொகுத்துள்ளார். பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல் ஆகிய மூன்றுடன், பாவம் மற்றொரு மனிதனுடன் தொடர்புடையதாயின் அவனது உரிமையைத் திருப்பிக் கொடுத்தல் நான்காவது நிபந்தனையாகும். வருத்தம் இங்கே நீக்கப்பட வேண்டிய தொந்தரவன்று. உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் வரை மனிதனை நடத்திச் செல்லும் உந்துசக்தி அது. வாரிசுச் சொத்தில் தன் சகோதரியின் பங்கைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவனுக்கு இரவில் உறக்கம் வரவில்லை என்று வைத்துக் கொள்வோம். உறக்கத்துக்கான அமர்வு அவனை உறங்க வைக்கும். அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். அந்த அமர்வின் பின்னணியில் இறைநாமங்களும் ஒலித்திருந்தால், தான் திக்ர் செய்த திருப்தியும் அவனுக்குச் சேர்ந்திருக்கும். சகோதரியின் பங்கு மட்டும் அவனிடமே இருக்கும்.

மன்ரோவின் 'கேட்வே' தொடரில் ஒரு தொடக்கப் பயிற்சி உண்டு. கேட்பவர் கனமான மூடியுள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்து, தம்மை அலைக்கழிக்கும் கவலைகள் அனைத்தையும் அதனுள் இட்டு மூடிவிட்டு அமர்வுக்குள் நுழைகிறார். மனத்தை ஒருமுகப்படுத்துவதற்கு இது பயனுள்ள உத்தியே. தொழுகைக்குத் தக்பீர் கட்டும் மனிதனும் உலகக் கவலைகளைச் சற்று நேரம் பின்னால் விடுகிறான். ஆயினும் முஹாஸபாவில் அந்தப் பெட்டி திறக்கப்படுகின்றது. உள்ளே உள்ளவை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப்பட்டு, எது அல்லாஹ்வின் உரிமை, எது அடியானின் உரிமை, எது வெறும் வஸ்வாஸ் எனப் பிரிக்கப்படுகின்றன. விசாரிக்கப்படும் முன்னர் உங்களை நீங்களே விசாரித்துக் கொள்ளுங்கள் என்ற உமர் (ரழி) அவர்களின் அறிவுரையும், நாளைக்காக எதனை முற்படுத்தி வைத்தோம் என்பதை ஒவ்வோர் ஆத்மாவும் பார்க்கட்டும் என்ற ஸூரா அல்ஹஷ்ரின் கட்டளையும் பெட்டியைத் திறக்கவே சொல்கின்றன.

மதிப்பீடு

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது, ஒலிவழி அமர்வை முற்றாக விலக்க வேண்டிய அவசியம் தென்படவில்லை. அதனை முராகபாவின் மாற்றுருவாக ஏற்கவும் முடியாது. பதற்றத்தாலும் வலியாலும் உறக்கமின்மையாலும் துன்புறுவோர், அகீதாவுக்கு முரணான வாசகங்கள் அற்ற ஓர் அமர்வை மருந்தாகப் பயன்படுத்துவதில் தவறில்லை. தீவிரமான மனநோய்க்கு மருத்துவரை நாட வேண்டுமேயன்றி, ஒலிப்பதிவையோ திக்ர் மஜ்லிஸையோ மட்டும் நம்பியிருத்தலாகாது. மருந்தை வணக்கம் எனப் பெயரிடும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது. வணக்கத்தில் மனிதன் தன் விருப்பத்துக்காகவும் பதில் சொல்ல வேண்டியவனாகிறான். மருந்தில் அத்தகைய பொறுப்பு அவனுக்கு இல்லை.

முஸ்லிம் தயாரிப்பாளர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. திக்ருகளைப் பின்னணி இசையைப் போன்று பயன்படுத்துவதை அவர்கள் தவிர்த்துக் கொள்ளலாம். அமர்வின் தொடக்கத்தில் நிய்யத்தைப் பரிசீலிக்கும் ஒரு வினாவையும், இறுதியில் இன்று எவரது உரிமை என்னிடம் நிலுவையிலுள்ளது என்ற ஒரு வினாவையும் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஏற்படப் போவதில்லை. குரல் குறைந்து, கேட்பவரின் நாவே திக்ரை மொழியும் நேரம் படிப்படியாகக் கூட வேண்டும். இவ்வாறான அமர்வு சந்தையில் எவ்வளவு தூரம் விலைபோகும் என்பது வேறு விடயம்.

நமது மஸ்ஜிதுகளும் மத்ரஸாக்களும் சிந்திக்க வேண்டிய பக்கமும் உண்டு. இளைஞர்கள் ஹெட்போனிடம் செல்வதற்குக் காரணம் அவர்களது அலட்சியம் மட்டுமன்று. மனக் கலக்கத்துடன் வரும் ஒருவனுடன் அமர்ந்து, அவனது நிலையைக் கேட்டறிந்து, அவனுக்குரிய பயிற்சியைச் சொல்லும் ஆலிம்கள் நம்மிடையே அரிதாகி வருகின்றனர். திக்ர் மஜ்லிஸ்கள் நடைபெறும் ஊர்களிலும் அவை ஓதி முடிக்கும் நிகழ்ச்சிகளாகச் சுருங்கிவிடுகின்றன. இஹ்யாவின் 38ஆம் பாகத்தைப் பாடமாக ஓதும் மாணவர்கள் அதனைத் தம் நாளில் ஒருமுறையேனும் நடைமுறைப்படுத்திப் பார்க்கும் ஏற்பாடு நமது பாடத்திட்டங்களில் இடம்பெற வேண்டும். ஃபஜ்ருக்குப் பின் சில நிமிடங்கள் நிபந்தனைக்கும், உறங்கும் முன் சில நிமிடங்கள் கணக்கெடுப்புக்கும் ஒதுக்குவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அப்பழக்கம் உள்ளவர் ஓர் ஒலிப்பதிவைக் கேட்க நேர்ந்தாலும், அதனிடம் எதனைப் பெறலாம், எதனைப் பெற முடியாது என்பதை அறிந்தவராகவே அதனைக் கேட்பார்.